சாய்ந்து பார்த்தல்

முதல் வட்டத்தில் எல்லாம் தெரிந்தது.
ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள்,
கவாத்து வெட்டிய தேயிலைச் சரிவு,
கொழுந்து மடுவக் கூரையில்
கல் வைத்து விரித்திருந்த நீலத் தறப்பாள்.
பின்னாசனத்திலிருந்து எட்டிப் பார்த்தார் சொர்ணலிங்கம்,
தேயிலை ஏல வியாபாரி:
"இந்தா தெரியுதே கெப்டன்.
மெல்லிசுப் பனிதானே, இறக்குங்க."

மெல்லிசுதான்.
நேர் கீழே இருநூறு அடி,
கிணற்றை எட்டிப் பார்ப்பது போல.
அடியில் கிடக்கும் காசும் தெரியும்.
ஆனால் ஜெட் கிணற்றில் குதிப்பதில்லை.
மூன்று பாகைச் சாய்வில் வருகிறது.
அந்தச் சாய்வில் அதே பனி
ஒன்றன்பின் ஒன்றாகக் கொடியில் போட்ட
இருபது ஈர வேட்டி.

கீழே, பாதையோரக் கொட்டிலில்
ஜெனிட்டா விளக்குகளை எண்ணுகிறாள்.
ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் அறுபது மீற்றர்.
"பதிமூணு தெரியுது மேடம்."
தொடங்கலாம். சட்டத்துக்குப் போதும்.

பண்டாரவளை இடது இறக்கையின் கீழ் போனது.
பிறகு எதுவும் போகவில்லை.
திரையில் இரண்டு சிறு வைரங்கள்,
ஒன்று இடம் வலம், ஒன்று மேல் கீழ்.
இரண்டையும் நடுவில் வைத்திருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
சரிகிறாய், வலப்பக்கம் சரிகிறாய் என்று
காதுக்குள் ஏதோ முறையிடுகிறது.
பிந்தி வந்த புருஷனிடம் போல
அதனோடு பேசாமலிருக்கிறேன்.

"ஒம்பது," என்றாள் ஜெனிட்டா.
கொஞ்ச நேரத்தில், "ஏழு.
ஏழாவது விட்டு விட்டு எரியிற மாதிரி இருக்கு."
விட்டு விட்டு எரிவதையும்
கணக்கில் சொல்லும் பிள்ளை.
எட்டு என்று சொல்லியிருக்கலாம்.
யார் வந்து எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

"ஐந்நூறு," என்றான் ரிஸ்கான்.
சாம்பல்.
"மேலே நூறு."
சாம்பல்.

அப்போது கண்ணாடியில்
ஒரு மஞ்சள் கசிந்தது.
பைபிளோ குர்ஆனோ கீதையோ
எதன் மேலும் சத்தியம் பண்ணியிருப்பேன்
அது விளக்கென்று.
கண்ணுக்கு என்ன,
ஆசைப்பட்டால்
அது பாதை முழுக்க விளக்கேற்றும்.

"மினிமம்."

ரிஸ்கான் என் முகத்தைப் பார்க்கவில்லை.
அது மரியாதை.
பார்த்திருந்தால்
நான் அவனிடம் ஏதாவது கேட்டிருப்பேன்.

"மேலே," என்றேன்.
கைப்பிடி முன்னுக்கு, மூக்கு வானுக்கு,
சக்கரம் உள்ளே.
வலப்பக்கம் திரும்பு, இப்போதே திரும்பு.
நேரே நமுனுகுல மலை
ஆறாயிரத்து அறுநூறு அடிக்கு மேல்
முகம் காட்டாமல் நிற்கிறது.

பனிக்கு மேலே வெயில்.
அநியாயத்துக்கு வெயில்.
"நான் பாத்தேன் கெப்டன்," என்கிறார் சொர்ணலிங்கம்,
"ரோட்டுல ஒரு முச்சக்கர வண்டி கூட.
சிவப்பு."
சிவப்பாகத்தான் இருந்திருக்கும்.
அவர் ஜன்னல் நேர் கீழே பார்க்கிறது.

எரிபொருளைப் பார்த்தேன்.
இன்னொரு முயற்சிக்குப் போதும்.
மத்தலவுக்குப் போதும்.
இரண்டுக்கும் போதாது.

"மேடம், சத்தம் மட்டும் கேட்டுச்சு.
தலைக்கு மேலால போச்சு,
கொட்டில் தகரமெல்லாம் ஆடிச்சு."
வானொலி கரகரத்து நின்றது.
பிறகு, தயங்கித் தயங்கி,
"இப்ப பதினஞ்சு தெரியுது."

ரிஸ்கான் எழுதிக்கொண்டான்,
எண்ணையும் நேரத்தையும்.
பின்னாசனத்தில் அவர் கைபேசியில்
யாருக்கோ கூட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.
தெற்கே வெல்லவாய வெளி
மஞ்சளாகத் திறந்து கிடந்தது.
நன்றி என்று மட்டும் சொன்னேன்.
பதினாறாவது தெரிகிறதா என்று
நான் கேட்கவில்லை.